ஜாந்திராவை அனுப்பி வை

சால்வடார்
1 மார்ச் 1953

அன்புள்ள அக்கா எத்தெல்வினாவுக்கு,

தம்பி துர்வாலினோ ஆசி கேட்டு எழுதுவது. இங்கே நான் நலம். போன மழையில் பிடித்த இருமல் மட்டும் இன்னும் விடவில்லை. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? உன் சாமி வீட்டுத் தெய்வங்களும், உன்னைத் தாயே என்று கூப்பிடும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜாந்திரா வியாழக்கிழமை காலை சந்தைக்குப் போகிறேன் என்று கட்டிய புருஷன் என்னிடம் சொல்லிப் போனவள் திரும்பவில்லை. அவள் அம்மா வீட்டிலும் இல்லை. மாரே ஆல்ட்டா போகிற படகில் துணி மூட்டையோடு ஏறினாள் என்று படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறவன் சொன்னான். அந்த ஊரில் உன்னை விட்டால் அவளுக்கு வேறு யார்?

அவள் கையில் கட்டு இருக்கும். பார்த்துப் பதறிவிடாதே. போன மாதம் படியில் கால் தவறி விழுந்துவிட்டாள். அதிலிருந்து புத்தியும் கொஞ்சம் தடுமாறுகிறது. எதையாவது உளறினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நான் துறைமுகத்தில் நாற்பது பேருக்கு மேஸ்திரி. நாற்பது பேரும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று ஒரு மாதிரியாகக் கேட்கிறார்கள். நான்கு பேருக்குத் தெரியாமல் முடிய வேண்டிய சங்கதி இது. வரும் சனிக்கிழமைப் படகில் ஜாந்திராவை அனுப்பி வை. துறையில் நானே வந்து நிற்பேன்.

உன் ஆசியை வேண்டும்,
துர்வாலினோ


மாரே ஆல்ட்டா
8 மார்ச் 1953

தம்பி துர்வாலினோவுக்கு,

ஆற்றுத் தாய் ஓஷூம் உன்னைக் காக்கட்டும். முட்டி வலி இருந்தபடியே இருக்கிறது. இருமலுக்குத் தேனில் எலுமிச்சை பிழிந்து குடி. துறைமுகத்துச் சாராயத்தைக் குறைத்துக்கொள்.

உன் வீட்டில் படி ஏது? தெருவிலிருந்து நேரே அடுப்படிக்குள் நுழைகிற வீடு அது. நான் வந்து தங்கியிருக்கிறேன்.

ஜாந்திரா இங்கேதான் வந்தாள். வாசலைத் தாண்டியதும் விழுந்துவிட்டாள். மயக்கமில்லை, சாமி வந்து விழுந்தாள். காற்றின் தெய்வம் யான்சா அவளைத் தன் அடியவளாக்கத் தலையைக் கேட்கிறாள். தலை மழித்து, வெள்ளை உடுத்தி, தீட்சை அறையில் வைத்துக் கதவைச் சாத்தியாயிற்று. பாயில் படுக்கிறாள், கையால் உண்கிறாள், பாட்டுகளை முதலிலிருந்து கற்கிறாள். வெளி மனிதர் யாரும் அவளைப் பார்க்கக் கூடாது. புருஷன் பார்ப்பது அறவே கூடாது. எத்தனை நாள் என்பதைத் தெய்வம்தான் சொல்லும். மூன்று மாதம் ஆகலாம்.

ஒன்பது வருஷம் இந்த வீட்டில் பெரிய முரசு அடித்தவன் நீ. உனக்கு நான் சட்டம் சொல்லித்தர வேண்டியதில்லை. இனிப் படகுத்துறையில் வெயிலில் நிற்காதே. இருமலுக்கு ஆகாது.

எத்தெல்வினா


சால்வடார்
14 மார்ச் 1953

அக்காவுக்கு,

முட்டிக்கு என்ன மருந்து போடுகிறாய் என்று கேட்க நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு கேட்கத் தோன்றவில்லை.

ஏமாற்றுவதானால் முரசுக்காரனை ஏமாற்றாதே. இது தவக்காலம். முரசுகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தி உறங்க வைத்திருப்பாய். தெய்வங்கள் ஊரை விட்டுப் போயிருக்கும் நாற்பது நாளில் எந்த வீட்டில் தீட்சை கொடுக்கிறார்கள்? நம் அம்மா கொடுத்தாளா? அவளுக்கு முந்தியவள் கொடுத்தாளா? நீயே ஐந்து வருஷத்துக்கு முன் ஜாந்திராவுக்குச் சோழி போட்டுப் பார்த்தாய். "இவ தலை ஒண்ணும் கேக்கல, வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு ஏத்துனா போதும்" என்றாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இப்போது திடீரென்று யான்சாவுக்கு அவள் தலை மேல் ஆசை வந்துவிட்டதா?

கட்டியவனைக் கேட்காமல் அவள் தலையை மழிக்க உனக்கு யார் உரிமை தந்தது?

இன்னொன்றும் கேட்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் தாடை வீங்கி இதே ஜாந்திரா உன் வீட்டுக்கு வந்தாளே, அப்போது நீ என்ன செய்தாய்? "புருஷன் வீடுதாம்மா உன் வீடு, அவன் என் தம்பி, நான் சொல்லி வைக்கிறேன்" என்று கையைப் பிடித்து நீயே படகில் ஏற்றினாய். நான் இறக்கிக்கொண்டேன். ஒரு சண்டையும் இல்லை, ஒரு தெய்வமும் குறுக்கே வரவில்லை. அந்த அக்கா எங்கே போனாள்?

தவக்காலம் முடிவதற்குள் நானே வருகிறேன்.

துர்வாலினோ


மாரே ஆல்ட்டா
12 ஏப்ரல் 1953

தம்பிக்கு,

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். படகில் ஏறும்போது தொப்பி ஆற்றில் விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். வேறொன்று வாங்கிக்கொள்.

புனிதச் சனிக்கிழமை நீ வாசலில் நின்று கத்தியதை ஊரில் ஆளுக்கு ஒருவிதமாகச் சொல்கிறார்கள். நீயும் சால்வடாரில் உன் விதமாகச் சொல்லியிருப்பாய். நடந்ததை எழுதி வைக்கிறேன், பின்னால் மாற்றிச் சொல்ல முடியாதபடி.

இரண்டு ஆட்களோடு வந்தாய். "ஜாந்திரா! வெளியே வாடி!" என்றாய். நான் கதவைத் திறப்பதற்குள் மீன்காரி ஜுல்மீரா கூடையை இறக்கி வைத்துவிட்டு உன் முன்னால் வந்து நின்றாள்.

"யாருய்யா அது சாமி வீட்டு வாசல்ல கத்துறது? அட, துர்வாலினோவா! என்னப்பா, பட்டணத்துல தொண்டையைப் புடுங்கிக்கிட்டாங்களா? குரலே வரல, இருமல்தான் வருது."

"நீ மீனைத் தூக்கிக்கிட்டுப் போ. இது எங்க குடும்ப விஷயம்."

"ஒரு தடவை அடிச்சா குடும்ப விஷயம்னு விட்டோம். கையை ஒடிச்சு அனுப்பியிருக்க. இனி ஊர் விஷயம். ஒரு அடி உள்ள வச்சுப் பாரேன். செதில் சீவுற கத்தி இது, கெண்டையா மேஸ்திரியான்னு பார்க்கத் தெரியாது."

உன் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் உன்னைச் சுட்டது. சலவைக்காரிகள், சுருட்டுக் கிடங்குப் பெண்கள் என்று முப்பது பேர் கூடிவிட்டார்கள். "உனக்கு இவளுக எல்லாம் யாரு? கூலிக்கு நிக்கிறாளுகளா?" என்று என்னைக் கேட்டாய். இப்போது சொல்கிறேன். ஜுல்மீராவின் இரட்டைப் பிள்ளைகளை வெளியே எடுத்தது இந்தக் கை. கிடங்குப் பெண்கள் புகையிலைத் தூசியில் மூச்சு முட்டி வந்தால் கஷாயம் வைத்துக் கொடுப்பது இந்த அடுப்பு. டாக்டர் வராத ஊரில், பாதிரியார் வாசலில் நிற்க வைக்கிற ஊரில், இவர்கள் முதலில் தட்டுகிற கதவு என்னுடையது. இதற்குப் பெயர் கூலி இல்லை.

ஜாந்திரா நலம். நேற்று பாமாயிலில் வதக்கிய வெண்டைக்காய் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். யான்சாவின் பாட்டில் மூன்று கற்றுவிட்டாள். தவக்காலம் பற்றி எழுதியிருந்தாய். தெய்வம் நாள்காட்டி பார்த்து இறங்குவதில்லை.

எத்தெல்வினா


சால்வடார்
25 ஏப்ரல் 1953

எத்தெல்வினாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பைத் தேடாதே.

மூன்று பாட்டு கற்றாளா? அவளுக்கு அடுப்படியில் நின்று சொந்தமாக ஒரு பாட்டு முணுமுணுக்கத் தெரியாது. நான் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்குப் பதில் எழுதவில்லை நீ. மூன்று வருஷத்துக்கு முன் நடந்தது உனக்கு நினைவில்லையா, இல்லை நினைக்கப் பிடிக்கவில்லையா?

உன் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அதனால் கண்டவர்களை மகளே மகளே என்கிறாய். இப்போது தம்பி பெண்டாட்டியையும் மகளாக்கிக்கொண்டாய். ஊர்ப் பெண்களைத் திரட்டி உடன்பிறந்தவனை வாசலில் நிறுத்திச் சிரிக்க வைத்தாய். சரி. நானும் திரட்டுகிறேன்.

உங்கள் ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் காவல் அதிகாரி பெல்மீரோவுக்கு முரசுச் சத்தம் பிடிக்காதாம். சால்வடாரில் தெரிந்தவர் ஒருவர் மூலம் அவரைப் பார்த்தேன். மரியாதையாக உட்காரச் சொன்னார். புருஷனுக்குத் தெரியாமல் ஒரு பெண்ணை மொட்டையடித்து அறையில் அடைத்து வைத்திருக்கிறாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எந்த அறை, எத்தனையாவது கதவு, பின்வாசல் எங்கே திறக்கும், எல்லாவற்றையும் படமாக வரைந்தும் கொடுத்திருக்கிறேன். அந்த வீட்டில் எனக்குத் தெரியாத மூலை எது?

முரசு அடிக்கப் போலீஸ் உனக்குத் தந்த உரிமம் மே பத்தாம் தேதி முடிகிறது. புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் அவர் கையில். அதுவரை பொறுக்கிறேன், ஒரே தாய் வயிற்றில் பிறந்ததற்காக. அதற்குள் ஜாந்திராவை அனுப்பி வை.

ஆசி கேட்கவில்லை.

துர்வாலினோ


மாரே ஆல்ட்டா
3 மே 1953

துர்வாலினோவுக்கு,

நான் நலம்.

யாரை வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு வா. அறைக்கதவு என்னைத் தாண்டித்தான் திறக்கும். தீட்சை முடியாமல் அவளை வெளியே விட மாட்டேன். பத்தாம் தேதி வரை பொறுப்பதாக எழுதியிருக்கிறாய். சொன்ன சொல்லில் நிற்பாய் என்று நினைக்கிறேன். சின்ன வயதில் நிற்பாய்.

என் வயிற்றைப் பற்றி எழுதியதை அம்மா இருந்து படித்திருந்தால் உன்னை என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

எத்தெல்வினா


சால்வடார்
24 மே 1953

எத்தெல்வினாவுக்கு,

நீ காவல் நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் முதலில் இதைப் படி.

அறை காலி.

கதவை உடைத்தபோது நான் பின்னால்தான் நின்றேன். ஒரு பாய், ஒரு மண்பானை, மடித்த வெள்ளைப் பாவாடை ஒன்று. பாவாடையில் கஞ்சி மொடமொடப்புக்கூடக் கலையவில்லை. யாரும் உடுத்தவே இல்லை. அதிகாரி பெல்மீரோ என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன மேஸ்திரி, உன் பெண்டாட்டி சாமியாயிப் பறந்துட்டாளா?" என்றார். போலீஸ்காரர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெளியே உன் மீன்காரி நடுத்தெருவில் நின்று அதைவிடச் சத்தமாகச் சிரித்தாள். இந்தக் கதை எனக்கு முன்னால் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கிரேன் ஓட்டுகிறவன்கூட "பறந்துட்டாளா?" என்று கேட்கிறான்.

இரண்டரை மாதம்! வெண்டைக்காய் சாப்பிட்டாள் என்றாய், பாட்டு கற்றாள் என்றாய். யான்சா இறங்கினாள் என்று தெய்வத்தின் பெயரைச் சொல்லிப் பொய் எழுதினாய். நான் உன்னை வெறுத்தாலும் அந்த வாயை நம்பினேன். நம் அம்மா உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நீ இப்படிச் செய்வாய் என்று நினைக்கவில்லை.

முரசுகளைக் கொண்டு போனது அவர்கள். தெய்வக் குடங்களை உடைத்ததும் அவர்கள். அதற்கு நான் பொறுப்பாக முடியாது. உரிமம் இல்லாத வீட்டில் சட்டம் அப்படித்தான் நடக்கும்.

அவள் எங்கே? அதை மட்டும் எழுது.

துர்வாலினோ


மாரே ஆல்ட்டா
28 ஜூன் 1953

துர்வாலினோவுக்கு,

பதினோரு நாள் உள்ளே வைத்திருந்து வெளியே விட்டார்கள். ஈரத் தரையில் முட்டி வீங்கி, ஊன்றுகோல் இல்லாமல் எழ முடியவில்லை. சுருட்டுக் கிடங்குப் பெண்கள் தினமும் வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் காவல் நிலைய வாசலில் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்கள். கடைசியில் பெல்மீரோவுக்கே அது பொறுக்கவில்லை. "உங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போய்த் தொலைங்க" என்றார். இதனால்தான் பதில் தாமதம்.

நீ கேட்டதற்கு இப்போது ஒன்றொன்றாகப் பதில் சொல்கிறேன்.

ஜாந்திரா இந்த வீட்டில் தங்கியது மூன்று நாள். தெய்வம் இறங்கவில்லை, தலை மழிக்கவில்லை. நீ முதல் கடிதம் எழுதிய அதே ஞாயிற்றுக்கிழமை, விடியும்போது, ஜுல்மீராவின் மீன் படகில் கூடைகளுக்கு நடுவே உட்கார வைத்து அனுப்பிவிட்டேன். கை கூடும்வரை எங்கே இருந்தாள் தெரியுமா? இத்தாபரிக்கா தீவில். உன் துறைமுகத்துக்கு நேர் எதிரே. நீ கிரேன் அடியில் நின்று தலையைத் திருப்பியிருந்தால் அவள் இருந்த கரை கண்ணில் பட்டிருக்கும். எலும்பு கூடுவதற்குள் காய்ச்சல் வேறு கண்டது, அசைக்க முடியவில்லை. நீ தீவுப் பக்கம் தேடி வந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் என் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கும்படி உன்னை வைத்திருந்தேன். மே ஒன்பதாம் தேதி அங்கிருந்தும் போய்விட்டாள். இப்போது இருக்கும் இடம் எனக்கே தெரியாது. தெரியாதபடிதான் ஏற்பாடு செய்தேன்.

தெய்வத்தின் பெயரில் பொய் சொன்னேன் என்றாய். சொன்னேன். உன்னிடம் மட்டுமல்ல. இந்தச் சாமி வீட்டின் மூத்த மகள் போனிஃபாசியாவிடமும் சொன்னேன். எழுபது வயதுக்காரி, பத்து வாரம் அந்தக் கதவுக்கு முன்னால் தினமும் பெருக்கி, தண்ணீர் தெளித்து, உள்ளே பிள்ளை கேட்கட்டும் என்று பாட்டுப் பாடினாள். ஜாந்திராவுக்கென்று அவள் வைத்த சோற்றை நானே உள்ளே கொண்டு போய் உட்கார்ந்து தின்றேன். காவல் நிலையத்திலிருந்து வந்த அன்று அவள் எனக்குக் கால் கழுவினாள். கழுவிவிட்டுச் சொன்னாள்: "நீங்க பட்ட அடிக்கு அழுவுறோம் தாயே. ஆனா வராத சாமியை வந்துச்சுன்னு சொன்னீங்களே, அதை நாங்க எங்க கொண்டு போய்க் கழுவுறது?" மூத்தவர்கள் கூடி முடிவு செய்தார்கள். ஒரு வருஷம் நான் நாற்காலியில் உட்காரக் கூடாது, சோழி தொடக் கூடாது. சரி என்றேன். இப்போது அடுப்படியில் கீழே உட்கார்ந்து இறால் உரிக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் என்ன செய்தேன் என்று இரண்டு தடவை கேட்டாய். பதில் எழுதக் கை வரவில்லை. அவள் தாடையைப் பிடித்துப் பார்த்தேன். வீக்கத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. யார் விரல் என்று தெரிந்தது. சின்ன வயதில் அந்த விரல்களுக்கு நகம் வெட்டி விட்டவள் நான். என் தம்பிக்கு ஊரில் கெட்ட பெயர் வரக் கூடாது என்று அவளைப் படகில் ஏற்றினேன். போன பிறகு அவள் வயிற்றில் இருந்தது கலைந்தது என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. உன்னோடு சேர்ந்து நானும் அடித்தேன், துர்வாலினோ. நான் கைகூட ஓங்கவில்லை, அவ்வளவுதான்.

உன் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டாய். பெரிய முரசை லாரி வரைக்கும் தூக்கிப் போனது யார் என்று எழுதவில்லை. போலீஸ்காரன் காலால் உருட்டப் பார்த்தான். "அப்படி உருட்டாதீங்க, தோல் கிழிஞ்சிடும்" என்று நீ ஓடி வந்து தோளில் வைத்துக்கொண்டாய். மெல்ல, வலிக்காமல், ஒன்பது வருஷம் தூக்கியது போலவே தூக்கிப் போய் அவர்கள் லாரியில் வைத்தாய். என்னை அப்போது தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். நீ முரசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இனி உனக்கு எழுத எனக்கு ஒன்றுமில்லை.

எத்தெல்வினா


இடம் எழுதவில்லை
9 ஆகஸ்ட் 1953

தாய் எத்தெல்வினாவுக்கு,

ஆசி கேட்டுத் தொடங்குவது வழக்கம். கேட்கிறேன். கை கூடிவிட்டது, மழை நாளில் மட்டும் இழுக்கிறது. ஒரு பெரிய வீட்டில் துணி தேய்க்கிறேன். தனியாக ஒரு அறை, உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு.

முரசுகள் போனது, குடங்கள் உடைந்தது, உங்களை இழுத்துப் போனது எல்லாவற்றையும் மீன்காரம்மா சொல்லி அனுப்பினார்கள். நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்துச் சொல்லி அனுப்பினார்களோ என்னவோ. இரண்டு தடவை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் படகு நகர்ந்தபோது நீங்கள் கரையில் நின்று கை அசைத்தீர்கள். நான் வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தேன். அதை உங்களிடம் சொல்லத்தான் வந்திருந்தேன், நீங்கள் சொல்ல விடவில்லை. அவர் அடித்த அடிகள் ஒவ்வொன்றாக எனக்கு மறந்துகொண்டு வருகின்றன. அந்தக் கை அசைப்பு மறக்கவில்லை.

இந்தத் தடவை நீங்கள் பட்டதெல்லாம் எனக்காகவா, இல்லை உங்களுக்கே உறக்கம் வர வேண்டும் என்பதற்காகவா? எனக்காக என்றால் கடன்பட்டவளாக இருக்கப் பிடிக்கவில்லை. உங்களுக்காக என்றால் நமக்குள் கணக்குத் தீர்ந்தது.

இனி எழுத மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை மனதோடுதான் சொல்கிறேன்.

ஜாந்திரா


சால்வடார்
4 அக்டோபர் 1953

எத்தெல்வினாவுக்கு,

நலம். இங்கே எல்லாம் ஒழுங்காகிவிட்டது. நீ எழுதப் போவதில்லை என்றாய், நானும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனாலும் மற்றவர்கள் சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

நாயிர் என்று ஒரு பெண் இப்போது என் வீட்டில் இருக்கிறாள். பத்தொன்பது வயது. தாய் தகப்பன் இல்லை. பேச்சு குறைவு, சொன்னதைக் கேட்பாள், சமையல் ஜாந்திராவைவிட மேல். துறைமுகத்தில் இப்போது யாரும் சிரிப்பதில்லை. போன வாரம் கரும்பு கடித்ததில் அவளுக்கு முன்பல் ஒன்று போய்விட்டது. சின்னப் பெண், பார்த்துக் கடிக்கத் தெரியவில்லை. உங்கள் ஊர்க்காரி எவளாவது சந்தையில் அவளைப் பார்த்துவிட்டு வந்து எதையாவது கட்டிச் சொல்வாள். அதற்காக எழுதுகிறேன்.

ஜாந்திராவை இனி யாரும் அனுப்பி வைக்க வேண்டாம். எங்கே கிடந்தாலும் கிடக்கட்டும். உன்னையும் நாற்காலியை விட்டு இறக்கி அடுப்படியில் உட்கார வைத்துவிட்டார்களாம். கேள்விப்பட்டேன். உனக்கு ஏற்ற இடம். அங்கேயே இரு. உன் நிழல் என் வீட்டுப் பக்கம் விழக் கூடாது.

துர்வாலினோ


மாரே ஆல்ட்டா
11 அக்டோபர் 1953

மகளே நாயிர்,

நீ நலமாக இருக்க வேண்டும். இருக்கமாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உனக்கு என்னைத் தெரியாது. நீ இருக்கும் வீட்டுக்காரனின் அக்கா நான். என்னைப் பற்றி அவன் சொல்லியிருப்பான். பொய் சொல்கிறவள் என்று சொல்லியிருந்தால் அது உண்மை. சொன்னேன், இன்னொரு தடவை தேவைப்பட்டாலும் சொல்வேன். அவனோடு எனக்குள்ள சண்டையைத் தீர்க்க உன்னை இழுக்கிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் பரவாயில்லை, இதை முழுக்கக் கேள்.

இந்தக் கடிதத்தைக் கையில் கொடுப்பவள் ஜுல்மீரா. உனக்குப் படிக்கத் தெரியாவிட்டால் மீன் கூடைக்குப் பின்னால் உட்கார வைத்து அவளே வாசித்துச் சொல்வாள். கேட்டதும் அடுப்பில் போட்டுவிடு. வீட்டில் எங்கேயும் ஒளித்து வைக்காதே. அவன் துழாவுவான்.

செவ்வாயும் வியாழனும் சனியும் காலை ஏழு மணிக்கு இங்கே வரும் படகு புறப்படும். அந்த நேரத்தில் அவன் மூன்றாவது கிடங்கில் ஆள் எடுத்துக்கொண்டிருப்பான், எட்டரை வரை அசைய முடியாது. டிக்கெட் கொடுக்கிறவன் அவனுக்கு வேண்டியவன். அதனால் படகுத்துறைக்குப் போகாதே. அதே நாட்களில், அதே நேரத்தில் சந்தைப் படித்துறையில் ஜுல்மீராவின் மீன் படகு நிற்கும். துணி மூட்டை எடுக்காதே. சந்தைக் கூடையோடு கிளம்பியவளை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இன்னொரு அடி விழட்டும் பார்க்கலாம் என்று காத்திராதே. வயிற்றில் ஏதாவது இருந்தால் வந்ததும் அதை முதலில் சொல். நான் பேசிக்கொண்டிருந்தாலும் குறுக்கே விழுந்து சொல்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் இப்போது முரசு இல்லை, உரிமம் இல்லை, போலீஸ் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரும். என்னால் உனக்குச் சோழி போட்டுப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது, தடை இருக்கிறது. தெய்வம் உன்னைக் கேட்கிறதா என்றும் தெரியாது. அதெல்லாம் இல்லாமலேயே வா. போனிஃபாசியா என்று ஒரு கிழவி கதவைத் திறந்து யார் என்று முறைப்பாள். அவள் முறைப்பு அப்படித்தான், பயப்படாதே. என் பெயரைச் சொல். நேரே பின்கட்டுக்கு வா.

நான் அடுப்படியில்தான் இருப்பேன். திருப்பி அனுப்ப மாட்டேன்.

எத்தெல்வினா